பெட்டிக்குள் தூங்கும் தமிழ்

வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த முதல் நாள் மாலை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த பத்து வருஷம் அது யாருக்குப் பயன்படும், எந்த மொழியில் பேசும் என்பதெல்லாம்.

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு இரண்டாவது மாடி வீடு. நவம்பர் ஞாயிறு. காலையிலிருந்து மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. கூடத்தில் தையல் மெஷின் இருந்த இடத்தை ஒழித்து ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். தியாகராய நகர் கடையிலிருந்து வந்த பையன் தெர்மகோலைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். மானிட்டர், சிபியு, கீபோர்டு, மவுஸ், இரண்டு ஸ்பீக்கர், ஒரு வெப்கேம்.

வீட்டுக்காரம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் நியூ ஜெர்சியில். பழைய கம்ப்யூட்டரின் திரையில் ‘சப்போர்ட் முடிந்தது’ என்று அடிக்கடி அறிவிப்பு வருகிறது என்று அம்மா போனில் சொல்ல, மகள் அங்கிருந்தே புதுசுக்குப் பணம் கட்டிவிட்டாள். பழைய பெட்டியில் இருக்கும் போட்டோக்களைப் புதியதில் ஏற்றிக்கொடுக்க நான் போயிருந்தேன்.

பையன் வேலையில் கெட்டிக்காரன். நாற்பது நிமிஷத்தில் திரை ஒளிர்ந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நின்றான்.

“மெயில் ஐடி சொல்லுங்கம்மா.”

“எதுப்பா அது? மறந்துபோச்சே.”

“பரவால்ல, என்னோடதையே போட்டுடறேன்.”

வேண்டாம் என்று நான் குறுக்கிட்டேன். அம்மாவின் பெயரிலேயே புதிதாக ஒன்று தொடங்கினோம். அது ஏன் அத்தனை முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கடைசியில் பையன் நிமிர்ந்தான். “அவ்ளோதாம்மா. ஆபீஸ் இருக்கு, ஆன்டிவைரஸ் இருக்கு. படம் பாக்கலாம், பாட்டு கேக்கலாம், அக்காகூட வீடியோ கால் பேசலாம்.”

அம்மா திரையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். “எல்லாம் சரி. தமிழ் எங்கேப்பா இருக்கு?”

“தமிழா? அது போன்ல அடிச்சுக்கலாம்மா. இதுல வராது.”

வரும். அந்த நிமிஷம் அந்தப் பெட்டிக்குள் தமிழ் இருந்தது. எழுத்துரு இருந்தது. இரண்டு மூன்று விதமான விசைப்பலகை இருந்தது. தமிழை வாய்விட்டுப் படிக்கும் குரல்கூடக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. யாரும் எழுப்பாததால் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பையன்மேல் குற்றமில்லை. அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு. பழைய கம்ப்யூட்டர் அன்றோடு நின்றுவிடவில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஓராண்டு கூடுதல் அவகாசம்.

விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்கு மேலோ வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டாது. அதனால்தான் அடையாறிலும் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் ‘புதுசு வாங்கணுமா?’ என்ற பேச்சு. எந்த மாடல், எத்தனை ஜிபி, என்ன விலை என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். பெட்டியோடு வரும் மென்பொருளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீட்டின் பழக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

ரிச்சி தெரு வளர்த்த தலைமுறை

அண்ணா சாலையை ஒட்டிய நரசிங்கபுரம், ரிச்சி தெரு, மீரான் சாகிப் தெரு. ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற இந்தச் சந்துகள்தான் தொண்ணூறுகளில் சென்னையின் நடுத்தர வீடுகளுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தன. பிராண்டட் வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள், மற்றவர்களுக்கு ‘அசெம்பிள்டு’. மதர்போர்டு ஒரு கடை, கேபினெட் ஒரு கடை, மானிட்டர் இன்னொரு கடை. எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி, மடியில் மானிட்டரை அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த அப்பாக்கள் எத்தனை பேர்! அந்தப் பட்டியலில் ‘மல்டிமீடியா கிட்’ என்று ஒரு வரி இருந்தால் தெருவே வந்து பார்க்கும். சிடி டிரைவ், சவுண்டு கார்டு, இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்ததுதான் அந்தக் கிட்.

பெட்டியோடு வந்த சிடிகள் எந்த உலகத்தைத் திறந்தனவோ அதுவே வீட்டின் கம்ப்யூட்டர் உலகம் ஆனது. விண்டோஸ் 95 சிடிக்குள் ஹோவர் என்ற விளையாட்டும் ஒரு அமெரிக்கப் பாப் பாட்டின் வீடியோவும் இருந்தன. அந்தப் பாட்டைத் தேடிப்போய் வாங்கியவர் இங்கே அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் படம் ஓடுவதை முதன்முதலாகப் பலர் பார்த்தது அதில்தான். பள்ளிக்கூட அசைன்மென்ட்டுக்கு என்கார்ட்டா கலைக்களஞ்சியம். அதையும் 2009-இல் மூடிவிட்டார்கள். தமிழுக்கு மட்டும் அந்தச் சிடிகளில் இடமில்லை. தமிழ் வேண்டுமென்றால் தனியாகத் தேடி, தனியாக நிறுவ வேண்டும். ‘கம்ப்யூட்டர் என்றால் இங்கிலீஷ்’ என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது.

பெட்டிச் செய்தி: ‘மல்டிமீடியா’ என்றால் அன்று...
● 1991-இல் வந்த எம்பிசி (மல்டிமீடியா பிசி) முதல் தரத்தின் அளவுகோல்: 386 எஸ்எக்ஸ் பிராசசர், 2 எம்பி நினைவகம், 30 எம்பி ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், சவுண்டு கார்டு. இன்று போனில் எடுக்கும் பத்துப் படங்களே அந்த ஹார்டு டிஸ்கை நிரப்பிவிடும்.
● 1993-இல் இரண்டாம் தரம், 1996-இல் மூன்றாம் தரம். மூன்றாவதில் 75 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், 540 எம்பி ஹார்டு டிஸ்க்.
● வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓசை தந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்தது.
● இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். தொடங்கிய அந்தச் சேவை கிடைத்த முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று.

தமிழ் பெட்டிக்குள் வந்த கதை

1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழிணையம் 99’ மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழ் வல்லுநர்கள் உட்கார்ந்து பேசியதன் பலனாக, தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு தரப்படுத்தியது. அதே மாநாட்டின் தொடர்ச்சியாகத் தோன்றியதுதான் தமிழ் இணையப் பல்கலைக்கழகம். கோட்டூர்புரத்தில் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்குகிறது. தமிழ்99-இன் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ. நாலே தட்டு.

எழுத்துருதான் அன்றைய பெரிய தலைவலி. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குறியீடு. ஒரு கம்ப்யூட்டரில் அடித்த கல்யாணப் பத்திரிகை இன்னொன்றில் புரியாத குறிகளாகத் தெரியும். விண்டோஸ் 2000-இல்தான் ‘லதா’ எழுத்துருவோடு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழ் பெட்டிக்குள்ளேயே வந்தது. அடுத்து வந்த எக்ஸ்பியில் அதற்கென்று ஒரு கட்டத்தை டிக் செய்து, சிடியைப் போட்டு நிறுவ வேண்டியிருந்தது. அந்தக் கட்டத்தை டிக் செய்யத் தெரிந்த வீட்டில் தமிழ் தெரிந்தது. தெரியாத வீட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

2005 ஏப்ரல் 15-இல் சென்னையில் மத்திய அரசு தமிழ் மென்பொருள் குறுந்தகடு ஒன்றை வெளியிட்டது. எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள், தமிழில் ஓபன் ஆபீஸ், உலாவி, அகராதி என்று இலவசமாகத் தந்த அந்த வட்டுதான் தமிழுக்கென்றே வந்த முதல் பெரிய ‘பண்டில்’. முரசு அஞ்சல் மென்பொருளைக் கொடுத்த மலேசியாவின் முத்து நெடுமாறன், இ-கலப்பையை உருவாக்கிய தன்னார்வலர்கள், என்எச்எம் ரைட்டரை இலவசமாகத் தந்த சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா என்று பலர் இழுத்த தேர் இது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

இன்று எதையும் நிறுவ வேண்டாம். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே இருக்கின்றன. இத்தனை பேர் இருபத்தைந்து வருஷம் உழைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்ததை நாம் கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

பெட்டிச் செய்தி: தமிழை எழுப்ப ஐந்து படி (விண்டோஸ் 11)
1. செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, அதற்குள் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’.
2. ‘ஆட் எ லாங்குவேஜ்’ அழுத்தி, தமிழ் (இந்தியா) தேர்ந்தெடுங்கள்.
3. தமிழுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, மொழி விருப்பங்களுக்குள் போய் விசைப்பலகை சேருங்கள். புதிதாகக் கற்பவருக்குத் தமிழ்99. ‘ammaa’ என்று ஒலிப்படி அடித்துப் பழகியவருக்கு அஞ்சல்.
4. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற: விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பார்.
5. எட்ஜ் உலாவியில் தமிழ்ப் பக்கத்தையோ பிடிஎஃப்பையோ திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். படித்துக்காட்டும்.

தூங்கவிட்டால் என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் பிள்ளைகளுக்கு. தமிழ் பேசத் தெரிந்த பிள்ளை, கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறது. பத்து வருஷம் அப்படியே பழகினால் ணகரமும் னகரமும், லகரமும் ளகரமும் கையை விட்டுப் போகின்றன. எழுத்து என்பது கைப்பழக்கம். வீட்டுக் கம்ப்யூட்டரில் முதல் நாளிலிருந்தே தமிழ் விசை இருந்தால் அந்தப் பழக்கம் தானாக வரும்.

இரண்டாவது நஷ்டம் பெரியவர்களுக்கு. வங்கி, மின்கட்டணம், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் எல்லாம் இன்று திரைக்குள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கண் மங்கியவருக்கு நியூஸ்பேப்பர் படிக்க முடியவில்லை. அவர் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் அதைப் படித்துக்காட்டும் என்று அவருக்கே தெரியாது. எட்ஜில் இந்தியத் தமிழ்க் குரல்கள் இரண்டு உண்டு: பெண் குரலுக்குப் பெயர் பல்லவி, ஆண் குரலுக்கு வள்ளுவர். இலங்கைத் தமிழுக்குக் குமாரும் சரண்யாவும், சிங்கப்பூருக்கு அன்பும் வெண்பாவும், மலேசியாவுக்குச் சூர்யாவும் கனியும் இருக்கிறார்கள். திருவள்ளுவர் பிறந்த ஊர் என்று சொல்லி அவருக்குக் கோயிலே வைத்திருக்கும் மயிலாப்பூரில், அவர் பெயர் கொண்ட குரல் வீட்டுக்கு வீடு வாய்மூடிக் கிடக்கிறது.

மூன்றாவது நஷ்டம் பழைய கோப்புகளுக்கு. தாத்தா எழுதிய குடும்ப வரலாறு, அப்பா அடித்துவைத்த கட்டுரை எல்லாம் பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ கிடக்கும். புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒன்றும் புரியாது. ‘கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் போட்டால் நொடியில் யூனிகோடாகிவிடும்.

யார் பெயரில் பெட்டி?

இப்போது அந்த மெயில் ஐடி விஷயம். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முறை அமைக்கும்போது மைக்ரோசாப்ட் கணக்கு கேட்கும். புதிய பெட்டிகள் பலவற்றில், அந்தக் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டின் 48 இலக்கச் சாவி அதே கணக்கில் போய்ச் சேர்கிறது. திருடன் கையில் சிக்கினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது என்பதால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்கு கடைப்பையன் பெயரில் இருந்தால்? இரண்டு வருஷம் கழித்து மதர்போர்டு மாற்றியதும் திரை நீலமாகி அந்தச் சாவியைக் கேட்கும். பையன் வேறு வேலைக்குப் போயிருப்பான். பேரன் பிறந்த போட்டோ, பேங்க் பேப்பர், எல்லாம் பூட்டின் அந்தப் பக்கம். கடைக்காரர் சொல்லும் ஒரே வழி: “ஃபார்மட் பண்ணிடலாம் சார்.”

இரண்டாவது கண்ணி ஒன்டிரைவ். அமைக்கும்போது கவனிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்திக்கொண்டே போனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் இணையக் கிடங்குக்குப் போகத் தொடங்கிவிடும். இலவச இடம் 5 ஜிபிதான். பழைய கம்ப்யூட்டரின் போட்டோக்களை ஏற்றினால் அன்றே நிரம்பும். அப்புறம் ‘இடம் வாங்கு’ என்று நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும். ஆன்டிவைரஸும் அப்படித்தான், பெட்டியோடு வருவது சில காலத்துக்கு இலவசம், பிறகு சந்தா. விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது என்பது தெரியாமல் பயந்து பணம் கட்டுபவர்கள் அதிகம்.

சந்தா கட்டவே கூடாது என்பது என் கட்சியல்ல. வேண்டுமா என்று யோசித்துக் கட்டுங்கள். கடிதம் எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் போதும். அதன் முகப்பையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். படம் பார்க்க விஎல்சி. இரண்டும் காலத்துக்கும் இலவசம், சட்டப்படியும் சுத்தம்.

கேசட் பெட்டியைத் திறக்கும் நேரம்

தென் சென்னை வீடுகளின் பரண்களில் இன்னும் கேசட்டுகள் இருக்கின்றன. மார்கழிக் கச்சேரிகள், பாட்டி பாடிய தாலாட்டு, வானொலி நாடகங்கள். நாடாவுக்கும் ஆயுள் உண்டு. கடற்காற்று அதைச் சீக்கிரம் தின்கிறது. மல்டிமீடியா கம்ப்யூட்டர் என்ற பெயருக்கு உண்மையான வேலை இங்கேதான்.

டெஸ்க்டாப்பின் பின்பக்கம் பாருங்கள். வெளிர்நீல ஓட்டை ‘லைன்-இன்’, பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து நீலத்தில் சொருகுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள். மடிக்கணினியில் நீல ஓட்டை இருக்காது. அதற்கு யுஎஸ்பியில் சொருகும் சிறிய ஆடியோ கருவி கிடைக்கிறது. சிடி தரத்தில் பதிந்தால் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி. 90 நிமிஷக் கேசட் ஒன்றுக்கு 900 எம்பி. ஃபிளாக் வடிவில் சேமித்தால் தரம் குறையாமல் ஏறக்குறையப் பாதியாகும். ஓடும் நேரம்தான் பிடிக்கும். சமையல் நடக்கும்போது ஒரு பக்கம், தூங்கப்போகும் முன் மறுபக்கம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்தில் பரண் காலியாகும்.

தண்ணீர் மறக்காத ஊர்

2015 டிசம்பர் 1, 2. அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தள வீடுகளில் மேசைக்குக் கீழே வைத்திருந்த சிபியுக்கள் மூழ்கின. கட்டிலையும் பீரோவையும் மறுபடி வாங்கினார்கள். ஹார்டு டிஸ்கில் இருந்த கல்யாண ஆல்பம் திரும்ப வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அந்தப் பாடத்தை வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் இன்னொருமுறை நடத்தியது.

ஆகவே சென்னை வீட்டுக்குக் கம்ப்யூட்டர் அமைப்பதில் ஒரு தனி ஒழுங்கு வேண்டும். சிபியு தரையில் கூடாது. யூபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப் கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலுக்கு அருகில் என்றால் ஜன்னலோரம் வேண்டாம். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். முக்கியமான எதற்கும் மூன்று பிரதி: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் அல்லது இணையத்தில் ஒன்று. தஞ்சாவூரில் இருக்கும் தம்பி வீட்டு பீரோவும் நல்ல பேக்கப்தான்.

பெட்டிச் செய்தி: பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது?
● எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.
● 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட், உபுண்டு வகையறா ஒன்றைப் போட்டு, ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். தமிழ்99 அதிலும் உண்டு. பள்ளிப் பிள்ளைக்குத் தட்டச்சு பழக அது தாராளம்.
● தூக்கிப்போடுவதென்றால் குப்பைத் தொட்டியில் வேண்டாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பழைய கருவிகள் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டும். கொடுக்கும் முன் டிஸ்கை முழுமையாக அழித்துவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்

ரிச்சி தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கம்ப்யூட்டர் விற்பவர்களிடம் கேட்பது இதுதான். டெலிவரிக்குப் போகும் பையனிடம் உள்ள பட்டியலில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: ‘தமிழ் விசைப்பலகை சேர்த்தாயா? கணக்கு வாடிக்கையாளர் பெயரில்தானா?’ பத்து நிமிஷ வேலை. பள்ளிகளும் கம்ப்யூட்டர் வகுப்பின் முதல் வாரத்திலேயே தமிழ்99 சொல்லிக்கொடுக்கலாம்.

சித்திரக்குளம் வீட்டுக்குத் திரும்புகிறேன். அந்தப் பையனையே உட்காரவைத்து ஐந்து படியையும் அவன் கையாலேயே செய்யச் சொன்னேன். முடிந்ததும், “இது இவ்ளோ ஈசியாண்ணா?” என்று கேட்டவன், போனில் திரையைப் படம் எடுத்துக்கொண்டான். அடுத்த வீட்டுக்கு உதவும் என்றான்.

அம்மா மாமியாரின் சமையல் நோட்டை எடுத்துவந்தார். நீல மசியில், எண்ணெய்க் கறை படிந்த பக்கங்கள். மகள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித்தேடி, வத்தக்குழம்பின் முதல் நாலு வரியை அடிக்க இருபது நிமிஷம் ஆனது. பிடிஎஃப்பாகச் சேமித்து எட்ஜில் திறந்து, வள்ளுவர் குரலைத் தேர்ந்தெடுத்தோம். ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆண் குரல் நிதானமாக, சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் வறுக்கச் சொன்னது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கக் கேட்பதுபோல. முடிந்ததும் தலையசைத்தார்.

“ழகரம் வருது. பரவாயில்லை,” என்றவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஐந்தாவது வரிக்கு விரலைக் கொண்டுபோனார்.